முப்பத்தேழாம் புள்ளி

அக்டோபர் இரண்டாவது வாரம். கடை ஷட்டரை இடுப்பளவு தூக்கியிருப்பேன், அதற்குள் ஒரு பெண் வந்து நின்று, "அண்ணாச்சி, கஸ்பாரு செட்டு ரெடியாயிட்டா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கஸ்பாருடைய ஜி.பி.எஸ். கருவி என் கடைப்பக்கம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனால் அந்தம்மா கேட்ட தோரணையில் சந்தேகமே இல்லை. கருவி என்னிடம்தான் இருக்கிறது, நான்தான் இழுத்தடிக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்.

"ரெண்டு மாசமா ஒங்ககிட்டதான் கெடக்குன்னு சொல்லுதான். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. கொஞ்சம் பாத்துக் குடுங்க அண்ணாச்சி."

"ஒரு பார்ட் வரவேண்டியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பழகிய வாய். அந்தம்மா நம்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கஸ்பார் மேல் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னை வைத்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அந்தப் பொய்க்கு நானும் ஒரு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. கோபத்தைவிட அதிகமாக, விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு வந்தது. அது எனக்குப் பிறவிக் கோளாறு.

என் கடை திரேஸ்புரம் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வயர்லெஸ், ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். எல்லாம் பழுது பார்க்கிறேன். பிறந்த ஊர் நாசரேத், வீடு மில்லர்புரம், பிழைப்பு மட்டும் கடல்காரர்களோடு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வள்ளத்தில் ஏறியதில்லை. கரையில் கட்டிக் கிடக்கிற வள்ளம் ஆடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். இதை வைத்து என்னைக் கேலி செய்யாத ஆள் அந்தக் கரையில் இல்லை.

வந்தவர் அமலோற்பவம், கஸ்பாரின் மதினி. அவர் கணவர் இஞ்ஞாசி, கஸ்பாருக்கு மூத்தவர், பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடலில் போனவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மரவள்ளத்தில் தூண்டில் போட்டுப் பிழைத்தார்கள். ஓர் ஆடி மாதம், கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய விடிகாலையில், அடிப்பலகை திறந்து வள்ளம் தண்ணீர் வாங்கியது. இஞ்சினைக் காப்பாற்ற உள்ளே இறங்கிய இஞ்ஞாசி மேலே ஏறவில்லை. கஸ்பார் ஒரு காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்தபடி மிதந்தார். கழுத்தில் ஜி.பி.எஸ். தொங்கிக்கொண்டிருந்தது. வள்ளம் முங்கிய இடத்தில் அதன் பட்டனை அமுக்கிப் பதிந்துவைத்தார். மூன்று மணி நேரம் கழித்து வேறு வள்ளத்துக்காரர்கள் அவரைத் தூக்கினார்கள்.

"அந்த நேரத்துல அதெப்படிய்யா தோணிச்சு?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"தேடி வரணும்னா எடம் தெரியணும்லா அண்ணாச்சி" என்றார்.

தேடிப் போனார்கள், கருவியைப் பிடித்து வழி சொன்னது கஸ்பார். சங்கு குளிக்கிறவர்கள் பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் இறங்கிப் பார்த்தார்கள். வள்ளம் கிடந்தது, ஆள் இல்லை. நாலு நாள் தேடிவிட்டு விட்டுவிட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுதிரி ஏற்றி, அவரவர் ஆட்களோடு உட்கார்ந்து ஜெபம் சொல்வார்கள். அமலோற்பவத்துக்குப் போக அங்கே ஒரு குழி இல்லை. அதனால் வருஷா வருஷம் அன்றைக்குக் கஸ்பார் ஒரு வள்ளத்தை இரவல் வாங்கி மதினியை அந்த இடத்துக்குக் கூட்டிப் போவார். கரை கண்ணுக்கே தெரியாத தூரம். மாதா கோயில் கோபுரத்தையும் தெர்மல் புகைக்கூண்டையும் அடையாளம் பிடித்துப் போகிற கதை அங்கே நடக்காது. அந்தக் கருவியில் முப்பத்தேழாவதாகப் பதிந்த புள்ளி ஒன்றுதான் வழி. அந்த எண் வேறு எங்கேயும் கிடையாது.

ஏன் கிடையாது என்று கேட்பீர்கள். அதற்குக் கஸ்பாரைத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு வயது, குட்டையான ஆள், சிரிக்கும்போதுகூட வாயைக் கையால் மூடிக்கொள்வார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால் வடக்கே போனவர் தெற்கே என்பார், பழக்கம். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எந்த ஊர் என்பதைப் பத்திரிகை அச்சடித்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே சொன்னார். மீன் நிற்கிற பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, ஒன்று கண்ணில் பட்டால் துண்டைத் தலையோடு போர்த்தி, அதற்குள் கருவியை வைத்துத்தான் பட்டனை அமுக்குவார். மற்றவர்கள் புள்ளிகளுக்குப் பெண்டாட்டி பெயர், புனிதர் பெயர் எல்லாம் வைப்பார்கள். கஸ்பார் வைக்கமாட்டார். கருவி தானாகக் கொடுக்கிற வரிசை எண்தான். எந்த எண்ணில் என்ன கிடக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். ஒரு நோட்டில் எழுதி வையும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"எழுதினா எவனாவது படிப்பான்லா" என்பார்.

அப்படிப்பட்டவர் என்னிடம் மட்டும் கருவியைத் தைரியமாகக் கொடுப்பார். காரணம் உண்டு. ஊர்க்கதை அத்தனையும் எனக்கு வேண்டும், ஆனால் ரிப்பேருக்கு வருகிற கருவியில் ஒருத்தனுடைய புள்ளியையும் திறந்து பார்க்கமாட்டேன். ஒரு தடவை பார்த்தேன் என்று பேச்சு வந்தால் அதோடு கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அன்று மத்தியானமே கஸ்பாரைப் பிடித்தேன். வலை காயப்போட்டிருந்த நிழலில் உட்கார்ந்து ஒரு பழைய தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மதினி வந்தாவளா?"

"வந்தாங்க. பார்ட் வரணும்னு நானும் புளுகியாச்சு. இப்ப நெசத்தச் சொல்லும்."

அவர் வாயிலிருந்து நிஜம் வருவதற்கு இரண்டு டீ ஆயிற்று. கருவி பெர்க்மான்ஸிடம் இருந்தது. பெர்க்மான்ஸ் என்பவர் பஹ்ரைனில் பத்து வருஷம் மீன்பிடி வேலை செய்துவிட்டு வந்து சொந்தமாக வள்ளம் வாங்கியவர். அவரும், வேம்பாரிலிருந்து வந்து குடியேறிய மாரிராஜும், கஸ்பாரும் ஆறு வருஷமாக ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒருவர் வீட்டில் சமைத்தால் மூன்று வீட்டுக்கும் தூக்குவாளி போகும். அப்படி இருந்தவர்கள் ஆகஸ்டில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பிரிந்துவிட்டார்கள். பிரிந்த அன்று கஸ்பாரின் பை வள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பைக்குள் மழைக்கோட்டு, தலையில் மாட்டுகிற லைட்டு, ஈயத் தட்டு, தூண்டில் டப்பா, அதோடு இந்தக் கருவி.

"கேட்டீரா?"

"கேக்காம? மொதல்ல எல்லாத்தையும் கேட்டேன். தரமாட்டேன்னுட்டான். ஸ்டேசனுக்குப் போனேன். ஜி.பி.எஸ்ஸுக்குப் பில்லு இருக்கான்னு கேக்காவ. நீங்க எனக்குப் பில்லா குடுத்தீய?"

கொடுக்கவில்லைதான். பழைய கருவியை விற்கும்போது யார் பில் போடுகிறார்கள்! பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். சாமியார் இருவரையும் கை குலுக்கச் சொன்னாராம். குலுக்கினார்கள், கருவி வரவில்லை. பிறகு பெர்க்மான்ஸின் மனைவி யாருக்கும் தெரியாமல் ஈயத் தட்டையும் மழைக்கோட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லைட்டும் தூண்டில் டப்பாவும் போகட்டும் என்று கஸ்பார் விட்டுவிட்டார். கடைசியில் கருவியைக்கூட வேண்டாம் என்றிருக்கிறார்.

"'செட்ட நீயே வச்சுக்கலே. முப்பத்தேழாவது புள்ளிய மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடு'ன்னேன். அதுலதான் காரியம் கெட்டுப் போச்சு அண்ணாச்சி."

கெடாமல் என்ன செய்யும். அறுபத்துச் சொச்சம் புள்ளி உள்ள கருவியில், கஸ்பார் மாதிரி ஆள் ஒன்றே ஒன்றுக்காகக் கெஞ்சினால், மீன்காரன் என்ன நினைப்பான்?

"அண்ணன் கெடக்குற எடம்னு சொல்ல வேண்டியதுதானே?"

கஸ்பார் சிக்கல் கயிற்றைக் கீழே போட்டார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டார், சிரிப்பு வரவில்லை.

"சொன்னேன். 'இன்னும் எத்தன எடத்துலலே ஒங்க அண்ணன சாவடிப்ப?'ன்னு கேட்டான்."

அதற்குப் பின்னால் இருந்த கதையை அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பெர்க்மான்ஸ் வள்ளத்தில் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு நாள் மற்ற இருவரும் அசந்து தூங்கிய நேரத்தில், கஸ்பாரின் தூண்டிலில் அடுத்தடுத்துக் கலவா மீன் மாட்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் பார். துண்டைப் போர்த்திப் பதிந்துவிட்டார், ஐம்பத்திரண்டாவது புள்ளி. அடுத்த வாரம் வள்ளம் அந்த வழியாகப் போனபோது மாரிராஜ் தூண்டிலை எடுத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்தால் சாயங்காலம் டீக்கடைக்குத் தெரியும், மறுநாள் முப்பது வள்ளம் அங்கே நிற்கும். கஸ்பாருக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: "அங்கன போடாதலே. எங்க அண்ணன் போன எடம்."

இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதும் வரும்போதும் பெர்க்மான்ஸ் இஞ்சினை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு மூன்று பேரும் ஜெபம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். இப்படி மூன்று வருஷத்துக்கு மேல். கஸ்பாரும் கூடவே சொல்லியிருக்கிறார்.

"நீரும் சொன்னீரா?"

"சொல்லாம இருந்தா சந்தேகப்படுவான்லா."

இந்த ஆகஸ்டில் பெர்க்மான்ஸின் வள்ளம் இஞ்சின் வேலைக்காகக் கரையேறிக் கிடந்தது. கஸ்பார் வேறு ஒருத்தர் வள்ளத்தை வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். மாரிராஜ் சொந்தக்காரர் வள்ளத்தில் அந்த வழியாக வந்தபோது, அண்ணன் போன இடத்தில் தம்பி வாயில் பீடியோடு, தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான். காலடியில் கலவா குவிந்து கிடந்ததாம். அவன் கரைக்கு வந்து சொல்ல, பெர்க்மான்ஸின் வள்ளம் திரும்ப இறங்கிய அன்று கஸ்பார் பையோடு ஏறியதும் சண்டை வெடித்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "நல்லா மாட்டிக்கிட்டீரு" என்றேன். "மதினிக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என் மொகத்துல முழிக்கமாட்டாவ. அதுக்குத்தான் அவன் வள்ளத்துல ஒரு நாளும் அவியளக் கூட்டிட்டுப் போவல, இப்ப ரிப்பேருன்னும் சொன்னேன்" என்றார். நவம்பர் இரண்டு நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் பெயரைப் பொய்க்குப் பயன்படுத்தியதைவிட, இந்த வருஷம் மதினியை எங்கே கூட்டிப் போய் நிறுத்துவது என்பதுதான் அவரை அரித்தது. "ஏதோ ஒரு எடத்துல நிறுத்தி இதான்னு சொன்னா அவியளுக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி."

நான் எழுந்து வந்தேன். இதில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் நினைப்பு அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

ஐந்து நாள் கழித்து மாரிராஜ் கடைக்குள் வந்தான். மேசை மேல் ஒரு பழைய மஞ்சள் கருவியை வைத்தான். முதுகில் நான் ஒட்டிய கறுப்பு டேப், அதன் ஓரத்தில் கஸ்பார் கத்தியால் கீறிய சிலுவை.

"அண்ணாச்சி, என்டர் பட்டன் அமுங்க மாட்டேங்கு. செரியாக்கிக் குடுங்க."

"இது யாரு செட்டுன்னு தெரியுமாலே?"

"தெரியும். ஒங்களுக்கும் தெரியும். அதப் பேசாதீய." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முப்பத்தேழுக்கு மூணு நடை போனோம். மூணுலயும் நல்ல பாடு. ஐஸ் பெட்டி மூடல பாத்துக்கிடுங்க. இதுக்குத்தான் அந்தக் கள்ளன் அழுதிருக்கான். இந்த மாதிரி இன்னும் எத்தன வச்சிருக்கான்னு தெரியல. பட்டன் செரியாச்சுன்னா ஒவ்வொண்ணா பாக்கணும்."

அவன் போனபிறகு கருவியைப் பிரித்தேன். உப்பு ஏறி ரப்பர் வெடித்திருந்தது. பத்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு, பட்டன் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது ஒன்றைத் திறந்தாக வேண்டும். எப்போதும் கடிகாரத்தையோ வெளிச்சத்தையோ திறந்து பார்ப்பேன். அன்றைக்குப் புள்ளிப் பட்டியல் மேலேயே கை போய் நின்றது. இரண்டு எண் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கினால் போதும், கஸ்பாரின் பிரச்சினை தீர்ந்தது. பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கருவியை அணைத்து டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

வீட்டில் ரேச்சலிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்துர வேண்டியதுதானே, பாவம் அந்தம்மா" என்றாள்.

"அப்புறம் எவன் என் கடைக்கு வருவான்?"

"அப்ப ஒங்களுக்கு ஒங்க கடைதான் பெருசு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மாரிராஜ் வந்தான். "பட்டன் வேல செய்யுதா, காட்டுங்க. முப்பத்தேழ எடுங்க பாப்போம்" என்று அவனே சொன்னான். வைத்திருக்கிறவனே கேட்கும்போது திறப்பதில் தப்பில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு திறந்தேன். அவன் கண் இட எண் மேலே இருந்தது. எனக்கு அதன் கீழே இருந்த சின்ன வரிதான் கண்ணில் பட்டது. புள்ளியைப் பதிகிற நேரத்தில் அந்தக் கருவி தேதியையும் மணியையும் தானாக எழுதிவைக்கும். கடல்காரர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. எண் சரியாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

"மாரி, இஞ்ஞாசி அண்ணன் எப்பலே செத்தாரு?"

"அது ஆடி மாசம். நினைவுப் பூச ஜூலை பத்தொம்போதுல வைப்பாவ. ஏன் கேக்கீய?"

நான் கருவியை அவன் பக்கம் திருப்பினேன். முப்பத்தேழு: ஜூலை பத்தொன்பது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, காலை ஐந்து ஐம்பத்திரண்டு.

அவன் முதலில் நம்பவில்லை. "இதையும் அவன் மாத்தி வச்சிருப்பான்" என்றான். கஸ்பாருக்கு வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்கத் தெரியாது, தேதியை எங்கே மாற்றப் போகிறார் என்று சொல்லிவிட்டு, எனக்கே ஓர் ஆசையில், முன்னும் பின்னும் திறந்தேன். முப்பத்தாறு அதே ஜூலை பத்தாம் தேதி. முப்பத்தைந்து அதற்கு முந்தின வாரம். அந்த வருஷம் முழுக்க மாதத்துக்கு மூன்று, நாலு புள்ளி. முப்பத்தேழுக்கு அடுத்து முப்பத்தெட்டு. அதன் தேதி அடுத்த வருஷம் மார்ச். நடுவில் எட்டு மாதம் ஒன்றுமே இல்லை.

"எட்டு மாசம் கடலுக்கே போவல போல" என்றான் மாரிராஜ்.

ஐம்பத்திரண்டையும் திறந்தேன். அண்ணன் செத்து ஏழு வருஷத்துக்குப் பிந்தின தேதி. அதை அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். வேறு யாரோ ஒருத்தர் எக்கோ சவுண்டரோடு வந்தார், அவரை நான் நாளைக்கு வரச் சொன்னேன்.

"அப்ப, கீழ கெடக்குறது அவிய வள்ளமா?" என்றான்.

"வள்ளம் கெடந்தா அதச் சுத்தி மீனு நிக்கத்தான்லே செய்யும்."

"அதான் அவ்வளவு மீனா?" மேசையிலிருந்த கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "வீட்டுக்கும் கொண்டு போனோம் அண்ணாச்சி. புள்ளையளுக்குக் கொழம்பு வச்சோம்."

கருவியை எடுத்துக்கொண்டு போனான். கூலி கேட்கவும் தோன்றவில்லை, அவனுக்குக் கொடுக்கவும் தோன்றவில்லை.

பெர்க்மான்ஸ் கஸ்பார் வீட்டுக்குப் போனது நவம்பர் முதல் தேதி சாயங்காலம். நான் அங்கே இருந்தேன். எதேச்சையாக என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்ப வேண்டாம். ஆறடி ஆள், வாசல் நிலையில் தலை தட்டாமல் குனிந்து வந்தார். கருவியையும் லைட்டையும் தூண்டில் டப்பாவையும் கட்டிலில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

"ஒம் மேல எனக்குள்ள கோவம் அப்படியேதான் இருக்கு, கேட்டியா? மூணு வருசம் கலவா மீனுக்குப் பரலோக மந்திரம் சொல்ல வச்சவன்லா நீ!" என்றார். பிறகு, "நாளைக்கு எவங்கிட்டயும் வள்ளம் கேக்காத. நான் எடுத்துட்டு வாரேன்" என்றார்.

கஸ்பாரின் முகத்தில் நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பெர்க்மான்ஸின் வள்ளம் என்றால் மதினியும் பெர்க்மான்ஸும் மாரிராஜும் ஒரே வள்ளத்தில். மாரிராஜின் வாய் எப்படிப்பட்டது என்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை நானும் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைத் தாண்டும்வரை தாங்கியது. அதற்குப் பிறகு இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். யாரும் கேலி செய்யவில்லை. அமலோற்பவம் மடியில் ஒரு பனையோலைப் பெட்டியை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், பெட்டி நிறையச் செவ்வந்தி. கஸ்பார் கருவியைக் கையில் பிடித்து வழி சொன்னார். பழக்கதோஷத்தில் துண்டை எடுத்தவர், மடித்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

முப்பத்தேழு வந்ததும் இஞ்சினை நிறுத்தினார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தண்ணீர். இதைப் பார்க்கவா இவ்வளவு பாடு என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அமலோற்பவம் எழுந்து நின்று பூவைப் பிடி பிடியாக எடுத்துப் போட்டார். ஜெபம் சொன்னார்கள். நான் புராட்டஸ்டண்டு சபைக்காரன், எனக்கு அவர்கள் ஜெபத்தில் பாதிதான் தெரியும், தெரிந்த பாதியைச் சொன்னேன்.

முடிந்ததும் பெர்க்மான்ஸ் இஞ்சினைத் தட்டப் போனார். கஸ்பார், "இருலே" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். வடக்கைத் தெற்கு என்று சொல்லாமல், சுருக்காமல், தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமல் பதிந்ததிலிருந்து வாயில் பீடியோடு பிடிபட்டதுவரை சொன்னார். மாரிராஜ் தலை குனிந்துகொண்டான். அமலோற்பவம் கேட்டு முடித்தார்.

"ஒங்க அண்ணன மீனுக்குக் காவலு வச்சியாலே?"

கஸ்பார் அழுதார். அந்தம்மா சமாதானம் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வள்ளம் ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் பெர்க்மான்ஸிடம் திரும்பினார். "அங்கன நீங்க என்ன ஜெபம் சொல்லுவிய?"

பெர்க்மான்ஸுக்குக் கூச்சமாக இருந்தது. "ஒரு பரலோக மந்திரம், மூணு அருள் நிறைந்த மந்திரம். கடைசில, 'இஞ்ஞாசி ஆத்துமம் இளைப்பாறட்டும்'னு."

"பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தான்."

"தெனமுமா?"

"போம்போதும் வரும்போதும்."

அமலோற்பவம் பெட்டிக்குள் பார்த்தார். அடியில் இன்னும் இரண்டு பிடி பூ இருந்தது.

"நான் வருசத்துக்கு ஒரு நாளுதான் வாரேன்" என்றார். "வள்ளத்த அங்கன விடுங்க."

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியில் ஐம்பத்திரண்டைத் திறந்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி நடுப்பலகையில் வைத்தார். மாரிராஜ் எட்டிப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தான். முக்கால் மணி நேரம் ஓடினோம். அந்த இடமும் மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பெர்க்மான்ஸ் இஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றியிருந்தார்.